பதினோரு பை மூச்சு

முதல் சிவப்பு துரைக்கண்ணுவுக்கு விழுந்தது.

"ஊதி இன்னும் தூங்கி எந்திரிக்கல போலருக்கு," என்று சிரித்துக்கொண்டே ஒதுங்கி நின்றார். கம்ப்ரசர் பிடித்து முப்பது வருடம் பாறை துளைத்தவர். சிரித்தால் இருமல் வரும், ஆனாலும் சிரிப்பார்.

நரிப்பாறை கிரஷரின் வாசல் கம்பத்தில் பதித்திருந்த அந்தப் பெட்டிக்கு அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது. வேலையாட்கள் அதை ஊதி என்றார்கள். கட்டைவிரலை வைத்து, ஆளுக்கொரு காகிதக் குழலைச் செருகி, பத்து எண்ணும் வரை ஊத வேண்டும். பச்சை எரிந்தால் கம்பி சுழன்று வழிவிடும். சிவப்பு எரிந்தால் அன்று வேலை இல்லை. ஒரே வாரத்தில் இரண்டு சிவப்பு விழுந்தால் வேன் வந்து மலை மேல் உள்ள ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும். எட்டு மாதம். வேலை போகும். வேலையோடு சேர்ந்த லைன் வீடும் ஒரு வாரத்தில் போகும்.

இரண்டாவது ஆளுக்கும் சிவப்பு. மூன்றாவது, நான்காவது. ஐந்தாவது ஆளுக்கும் சிவப்பு.

பெண்கள் வரிசையில் நின்ற செங்கமலம் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். சிவப்பு விழுந்த ஐந்து பேரையும் அவளுக்குத் தெரியும். ஐந்து பேரின் வலது அக்குளிலும் சட்டைக்குள் ஒரு பந்து பிளாடர், காற்றடைக்கும் ரப்பர் பை, இருந்தது. அதிலிருந்து சலைன் குழாய் ஒன்று கழுத்துத் துண்டுக்குள் ஏறி வாயோரம் வந்து நின்றது. ஊதியில் வாய் வைக்கும்போது முழங்கையை விலாவோடு அழுத்தினால் பிளாடரில் இருக்கும் காற்று குழலுக்குள் போகும். அக்குளில் வைப்பது சூட்டுக்காக. மூச்சு ஆறியிருந்தால் ஊதி ஏற்காது.

பிளாடருக்குள் இருந்தது செங்கமலத்தின் மூச்சு. நாலு மாதமாகத் தினமும் விடிகாலை எழுந்து பதினோரு பை நிறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆறாவது சிவப்பு. ஏழாவதாக அவள் புருஷன் மருதை நின்றான். அவனும் பாறை துளைக்கிற ஜாக்ஹாமர் பிடிக்கிறவன்தான். முழங்கையை அழுத்தினான். சிவப்பு எரிந்தது. திரும்பி அவளைப் பார்த்தான். கோபமில்லை அந்தப் பார்வையில். என்ன புள்ள ஆச்சு உனக்கு என்று கேட்டது.

பதினோரு பேரும் முடிந்து அவள் முறை வந்தது. அவளிடம் பை கிடையாது. அவளுக்கு அது எப்போதும் தேவைப்பட்டதில்லை. மணல் கழுவுகிற தொட்டியில் வேலை. தண்ணீரிலேயே நிற்பதால் தூசி கம்மி. இந்த வாசலில் ஒருநாளும் அவளுக்குச் சிவப்பு விழுந்ததில்லை.

ஊதினாள். சிவப்பு.

சைட் மேனேஜர் ஸ்ரீதர் ஆபீஸ் வாசலில் டீ டம்ளரோடு நின்றிருந்தார். அவர் ஆட்களைப் பார்க்கவில்லை. விளக்கையும் பார்க்கவில்லை. விரல் மடக்கிக்கொண்டிருந்தார். ஒரு கிரஷரில் பத்துப் பேருக்கு மேல் இரண்டாவது சிவப்பு விழுந்தால் கிரஷருக்கே சீல். நாற்பத்தைந்து நாள்.

"பன்னெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க," என்றார். "நாளைக்கு வந்து ஊதுங்க. மெஷின் கோளாறா இருக்கும்."

*

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிலோமினா சிஸ்டர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இருமல் எத்தன நாளா?"

"இருமல் இல்லங்க சிஸ்டரம்மா. விடியக்காலம் முதுகு வேர்த்துருது. பாவாடை நாடா கொஞ்சம் லூசாயிருக்கு. வெயிலுன்னு நெனச்சேன்."

"உங்க கிரஷர்ல இன்னிக்குப் பன்னெண்டு சிவப்பு." சிஸ்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "இந்த எண்ணைப் பாரு. கிருமி உள்ள இருந்தா அது தின்னு கழிக்கிற வாடை மூச்சுல வரும். நம்ம மூக்குக்குத் தெரியாது, ஊதிக்குத் தெரியும். எவ்வளவு வாடைன்னு எண்ணுல எழுதும். ஆளுக்கு ஆள் மாறும். பன்னெண்டு பேருக்கும் புள்ளி பிசகாம ஒரே எண் வராது."

செங்கமலம் திரையிலிருந்து கண்ணை எடுத்துக் கதவைப் பார்த்தாள்.

"நான் போலீஸ் இல்லம்மா. யாரு மூச்சு அது?"

"என்னுது."

சிஸ்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "எப்படிக் கொடுப்ப? சொல்லு."

சொன்னாள். முதலில் மருதைக்கு மட்டும்தான் கொடுத்தாள். பிறகு துரைக்கண்ணு வந்து கேட்டார். அவருக்கு இரண்டு பையன்கள். அப்புறம் ஒவ்வொருத்தராக. யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. கழுவின மணலைத் தட்டில் அள்ளி அவள் தலைக்கு ஏற்றிவிடுவார்கள், தண்ணீர் லாரி வந்தால் அவள் குடத்துக்கு முதல் இடம், அவ்வளவுதான். வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் அவள் கண்டிப்பு. பதினோரு பையின் மூக்கையும் கொதிக்கிற தண்ணீரில் முக்கித் துடைப்பாள். ஆம்பளைகள் வாய் வைத்தது, எச்சில்.

"சாயங்காலம் பையைத் திருப்பித் தருவாங்களா?"

"தருவாங்க. ஓட்டை இருக்கான்னு அவங்களே நல்லா ஊதிப் பாத்துட்டு முடிச்சுப் போட்டுத் தருவாங்க. அதுல எல்லாரும் நல்லவங்க. ஓட்டப் பையத் தந்து என்னைய அலைய விடமாட்டாங்க."

"அந்தக் காத்தை என்ன பண்ணுவ?"

"எடுத்துருவேன். அவங்க காத்து கொஞ்சம் கலந்தாக்கூட செவப்பு விழுந்துரும்ல. கையால அமுக்குனா முழுசா போவாது. வாய வச்சு உறிஞ்சித் துப்பிருவேன். பை தோலாட்டம் ஒட்டிக்கணும். அப்பறந்தான் நான் ஊதுவேன்."

சிஸ்டரின் கையில் இருந்த பேனா நின்றது.

"பதினோரு பையையும்?"

"ஆமா."

"நாலு மாசமா?"

அப்போதுதான் செங்கமலத்துக்குப் புரிந்தது. அவள் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தாள்.

"மூக்கக் கொதிக்க வச்சேனே சிஸ்டரம்மா."

"கொதிக்க வச்ச."

"காத்துக்கு ஏது எச்சில்னு நெனச்சுட்டேன்."

சிஸ்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்து போய்ச் சுவரோரம் இருந்த இரும்பு அலமாரியைத் தட்டிக் காட்டினார். "பழைய டி.பி. வருஷக்கணக்கா உள்ளயே படுத்துக் கெடக்கும். இப்ப வந்துருக்கற இந்த ஏழாம் வகை மூணு மாசத்துல எந்திரிச்சு உக்காந்துக்குது. இதுக்கு மருந்து இருக்கு. இதுக்குள்ளதான் இருக்கு. ஆனா நான் தொறக்க முடியாது. களவு போவுதுன்னு மேல இருந்து பூட்டி வச்சிருக்காங்க. உன் விரலுக்கு ரெண்டாவது சிவப்பு பதிவானா அதுவே தொறந்து உன் பேருக்கு மருந்து தள்ளும்."

"இப்ப சளி எடுத்துப் பாக்க முடியாதா?"

"அதெல்லாம் எடுத்துட்டு மூணு வருஷம் ஆச்சு. ஊதி சொன்னாத்தான் நோய். எந்த ஊதியா இருந்தாலும் சரி, விரல்தான் கணக்கு."

"சாப்ட்டா பொழைக்கலாமா?"

"இப்பவே ஆரம்பிச்சா பத்துக்கு எட்டு பேரு. வாய்ல ரத்தம் வந்தப்புறம்னா பத்துக்கு மூணு." சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "வீட்ல சின்னப் புள்ள இருக்கா?"

"எட்டு வயசு. பொண்ணு."

"எத்தன ரூமு?"

"பத்துக்குப் பத்து, ஒண்ணுதான்."

"அப்ப நாளைக்கே போயி ஊது. ரெண்டாவது சிவப்பு விழட்டும். வேலை, வீடு எல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

*

சாயங்காலம் லைன் வீட்டு வாசலில் அவர்கள் வந்து நின்றபோது மருதை போக மற்ற பத்துப் பேரில் ஆறு பேர்தான் இருந்தார்கள். மற்றவர்கள் சாராயக்கடைக்குப் போயிருந்தார்கள். துரைக்கண்ணு முன்னால் நின்றார். பக்கத்தில் அவர் பெண்டாட்டி அஞ்சலை.

"ஏழரைச் சனியில அரையக் கொறச்சு ஏழா அனுப்பியிருக்கான் ஆண்டவன்," என்றார் துரைக்கண்ணு.

"பை வேணாம்ணே," என்றாள் செங்கமலம். "என் மூச்சு கெட்டுப்போச்சு. நீங்க என்னோடத ஊதுனாலும் செவப்பு, உங்களோடத ஊதுனாலும் செவப்பு. உங்களுதையே ஊதுங்க. மருந்தாவது கெடைக்கும்."

"மருந்து கெடைக்கும். வீடு?" என்றாள் அஞ்சலை. "இவரு எட்டு மாசம் மலையில போயி முட்ட தின்னுட்டுப் படுத்துருப்பாரு. நானும் ரெண்டு பசங்களும் ரோட்டுலயா படுக்கறது?"

உள்ளே பெண் இனியா தரையில் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருந்தாள். பேச்சு தன் காதில் விழவில்லை என்று காட்ட வாய்விட்டு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள்.

அஞ்சலை எட்டிப் பார்த்தாள். "ஏண்டி தங்கம், இன்னிக்கு ஸ்கூல்ல ஊதி என்ன காட்டுச்சு உனக்கு?"

"பச்சை. எனக்கு எப்பவும் பாஸ்தான் பெரியம்மா. செவப்பு வந்தாத்தான் ஃபெயிலு."

அஞ்சலை திரும்பினாள். அவள் சொல்ல வந்ததை எல்லோரும் ஏற்கெனவே நினைத்துவிட்டார்கள் என்பது முகங்களில் தெரிந்தது.

"சனிக்கெழம வரைக்கும் மட்டும்," என்றாள் அஞ்சலை. "இந்த வாரத்தத் தாண்டிட்டா மொதச் செவப்பு கணக்குல இல்ல. புள்ள மூச்சு சுத்தம். பதினோரு பை வேணாம், பாதிப் பாதி ஊதுனாக்கூடப் போதும்."

செங்கமலம் மருதையைப் பார்த்தாள். அவன் நிலைப்படியில் சாய்ந்து, இருமலை அடக்கிக்கொண்டு, கீழே பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடி வந்து போய்விட்டது.

"பையக் கொண்டாங்க," என்றாள் அவள்.

துரைக்கண்ணுவின் முகம் தெளிந்தது. ஆறு பேரும் சட்டைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினார்கள். மருதையின் பை ஆணியில் தொங்கியது. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள். அருவாமனையைக் காலில் அழுத்தி ஒவ்வொன்றாக இழுத்தாள். ஏழு பைகள். ரப்பர் கிழிகிற சத்தம் பெரிதாக இல்லை. ஆறு பேரும் அந்தப் பைகளை வழக்கம்போல ஊதி, ஓட்டை பார்த்து, முடிச்சுப் போட்டுத்தான் கொடுத்திருந்தார்கள். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு அறுத்தாள். ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

"கொள்ளியில போறவளே," என்றாள் அஞ்சலை. "நீ எங்க குடியக் கெடுத்துட்டடி."

"என் புள்ள வாய அதுல வைக்கணும்னு நீ நெனச்சல்ல அக்கா. போதும். போ."

அவர்கள் போனபிறகு மருதை நிலைப்படியிலேயே உட்கார்ந்துகொண்டான். "நான் சொல்ல வாயெடுத்தேன் புள்ள," என்றான்.

"எடுக்கல."



*

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் கிரஷர் வாசலில் பதினோரு பேர் வெறும் அக்குளோடு நின்றார்கள். வேனுக்குத் தயாராக இரண்டு பேர் துணிமூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அஞ்சலை தூரத்தில் நின்று மண்ணை வாரித் தூற்றத் தயாராக இருந்தாள்.

துரைக்கண்ணு விரலை வைத்தார். குழலில் தன் சொந்த மூச்சை ஊதினார். ஏழு எண்ணுவதற்குள் இருமிவிட்டார். இருமலும் சேர்ந்துதான் குழலுக்குள் போனது.

பச்சை.

அவர் நகரவே இல்லை. பின்னால் இருந்தவன் தள்ளினான். அவனுக்கும் பச்சை. அடுத்தவனுக்கும். மூட்டை கட்டிவந்தவன் மூட்டையோடு உள்ளே ஓடினான். வரிசையில் ஒரு சத்தம் கிளம்பியது. ஒருத்தன் மலைப்பக்கம் திரும்பிக் கும்பிட்டான். அஞ்சலை கையிலிருந்த மண்ணைக் கொட்டிவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு அழுதாள்.

மருதைக்குப் பச்சை.

செங்கமலம் கடைசியாக வந்தாள். விடிகாலை வேர்வையில் நனைந்த ரவிக்கையை மாற்றிவிட்டுத்தான் வந்திருந்தாள். ஊதினாள். உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் வெளியே தள்ளுகிற மாதிரி, அடிவயிற்றிலிருந்து ஊதினாள்.

பச்சை. கம்பி சுழன்று அவளுக்கு வழிவிட்டது.

அவள் உள்ளே போகவில்லை. நேரே ஆபீஸுக்குப் போனாள். ஸ்ரீதர் இன்று டீயைக் குடித்து முடித்திருந்தார்.

"சார், எனக்குச் செவப்பு வரணும்."

"என்னம்மா?"

"நேத்து வந்துச்சுல்ல. எனக்கு நோய் இருக்கு. சிஸ்டரம்மா சொன்னாங்க. இன்னொரு செவப்பு விழுந்தாத்தான் மருந்து."

"பச்சைன்னா நோய் இல்லன்னு அர்த்தம். சந்தோஷமா போயி வேலையப் பாரு."

"ஊதியில கை வச்சிட்டீங்களா சார்?"

ஸ்ரீதர் எழுந்து கதவைப் பார்த்தார். திறந்துதான் இருந்தது. குரலை உயர்த்தவில்லை. "இந்தாம்மா, நீ நாலு மாசமா பந்துல காத்தடிச்சுக் கொடுத்தியே, நான் ஏதாவது கேட்டனா? ஆம்பளைங்க எல்லாம் கோழி முட்டைய அடகாத்த மாதிரி ஒரு கைய ஒட்டி வச்சுக்கிட்டு வர்றது எனக்குத் தெரியாதா? கேக்கல. ஏன்? இருநூறு பேரு சாப்பாடு இது. சீல் வச்சா எனக்கும் வீட்டுல ஒல கொதிக்காது."

"நாங்க ஏமாத்துனோம். ஒத்துக்கறேன் சார். ஆனா நாங்க ஏமாத்துனப்ப அந்தப் பெட்டி நெசம் சொல்லிக்கிட்டு இருந்துச்சு."

"அதனாலதான் கஷ்டம்," என்றார் அவர். சொன்னபிறகு, அதைச் சொல்லியிருக்கக்கூடாது என்பது போல ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்தார். "வெளியில யாருகிட்டயும் பேசாத. வேலை இருக்கு, வீடு இருக்கு. உனக்கு இன்னும் என்ன வேணும்?"

அவள் தொட்டிக்குப் போய் மணல் கழுவினாள். பத்தரை மணி வாக்கில் பாறை மேல் ஓடிக்கொண்டிருந்த ஜாக்ஹாமர் ஒன்று நின்றது. மருதை இறங்கி வந்து தொட்டி ஓரத்தில் குந்தினான். முகம் முழுக்கக் கல்மாவு. வாயைச் சுற்றி மட்டும் அது நனைந்து சிவந்திருந்தது. அவன் துப்பினான். வெள்ளைத் தூசியில் விழுந்ததை அவளும் பார்த்தாள், அவனும் பார்த்தான்.

"பச்சை வந்துச்சுல்ல," என்றான் மருதை. ஏதோ அது ஒரு வாதம் போல.

அவள் தொட்டித் தண்ணீரை அள்ளி அந்த இடத்தின்மேல் ஊற்றினாள்.

*

அன்று சாயங்காலம் பெண்ணை வெளியே கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, கதவையும் ஜன்னலையும் திறந்துபோட்டு, இருவரும் பேசினார்கள்.

"ஸ்கூல்ல ஒரு ஊதி இருக்கு," என்றாள் செங்கமலம். "அது மேனேஜரு கை வைக்கிற பெட்டி இல்ல. கவர்மென்ட்டு பெட்டி. விரல்தான் கணக்குன்னு சிஸ்டரம்மா சொல்லுச்சு. நாளைக்குக் காலையில நான் அதுல ஊதப் போறேன்."

"சின்னப் புள்ளைங்க ஊதறதுல பொம்பளயா போயி ஊதுவ?"

"ஊதுவேன்."

மருதை யோசித்தான். மெஷின்களோடு பழகியவன், அவனுக்குக் கணக்கு சீக்கிரம் ஓடும். "ஒரே விரலுக்கு இங்க பச்சை, அங்க செவப்புன்னா மேல இருக்கறவனுக்குச் சந்தேகம் வரும். வந்து இந்தப் பெட்டியப் பிரிப்பானுங்க. பிரிச்சா எல்லாருக்கும் போச்சு."

"பிரிக்கட்டும்."

"அதுமட்டுமில்ல. ஸ்கூல்ல செவப்பு விழுந்தா அந்த வீட்டுப் புள்ள மட்டும் இல்ல, அந்த லைன் புள்ளைங்க அத்தனையும் ஒரு மாசம் உள்ள விடமாட்டாங்க. போன வருஷம் காலனியில அப்படித்தான் பண்ணாங்க. அஞ்சலை உன்னயக் கொன்னே போட்டுருவா."

"அவ கொல்லறதுக்கு முன்னாடி மருந்து சாப்ட்டுட்டுச் சாவறேன்." அவள் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "ஏங்க, எனக்கு இருமலே வரல. எனக்குப் பத்துக்கு எட்டு. உங்களுக்கு இன்னிக்குக் காலையிலயே பத்துக்கு மூணு ஆயிருச்சு. நான் மட்டும் மலைக்குப் போனா நீங்க பச்ச வாங்கிக்கிட்டுத் தெனம் இந்த ரூமுக்கு வந்து அவ பக்கத்துல படுப்பீங்க. அதுக்கு நான் போறதும் ஒண்ணுதான், போவாததும் ஒண்ணுதான்."

"வீடு போயிட்டா புள்ள எங்க இருக்கும்?"

"என் தங்கச்சி துறையூர்ல இருக்கா. கஞ்சி ஊத்துவா. ஏசிக்கிட்டே ஊத்துவா. ஊத்துவா."

மருதை வாசல் பக்கம் பார்த்தான். வெளியே இனியா கட்டில் கயிற்றில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நேத்து நான் வேணாம்னு சொல்லியிருக்கணும்," என்றான்.

"ஆமா," என்றாள் அவள்.

விடிந்ததும் அவன் வழக்கம்போல ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிரஷர் பக்கம் நடந்துவிட்டான். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ சொல்லவில்லை.

*

பள்ளிக்கூட ஊதியில் ஒரு கிளி வரைந்திருந்தது. குழாய் கிளியின் மூக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு எட்டும்படி இடுப்பு உயரத்துக்கும் கீழே வைத்திருந்தார்கள்.

இனியா முதலில் ஊதினாள். செங்கமலம் அந்தப் பத்து எண்ணையும் நின்றபடி தானும் எண்ணினாள். பச்சை. பெண் உள்ளே போய்த் திரும்பி, டாட்டா காட்டக் கையைத் தூக்கினாள். அம்மா போகாமல் வரிசையிலேயே நிற்பதைப் பார்த்ததும் தூக்கிய கை அப்படியே நின்றது.

"ஏம்மா, பெரியவங்க உள்ள வரணும்னா ஆபீஸ் வழியா வாங்க," என்றார் வாசலில் நின்ற டீச்சர்.

"உள்ள வரலங்க. ஊதிட்டுப் போயிடறேன்."

அவள் மண்டியிட்டாள். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். ஒருவன், "ஆத்தா ஒண்ணாங்கிளாஸ்ல சேரப் போவுது," என்றான். தெருமுனையில் தன் இரண்டு பையன்களைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த அஞ்சலை நின்றாள். ஒரு பார்வையில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"ஏ, வேணாண்டி," என்றாள். கத்தவில்லை. அதுவே செங்கமலத்துக்குக் கஷ்டமாக இருந்தது. "பச்சை வந்துருச்சுல்ல, எல்லாருக்கும் வந்துருச்சுல்ல. எம் பசங்களப் பாருடி. உனக்குப் புண்ணியமாப் போவும், எந்திரி."

செங்கமலம் விரலை வைத்தாள். கிளியின் மூக்கில் காகிதக் குழலைச் செருகினாள். ஊதினாள்.

சிவப்பு எரிந்தது. பள்ளிக்கூடக் கம்பி பூட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது. பிள்ளைகள் சிரிப்பதை நிறுத்தினார்கள். டீச்சர் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு மூன்றடி பின்னால் போனார்.

கம்பிக்கு அந்தப் பக்கம் இனியாவின் முகம் கோணியது. "அம்மா, நீ ஃபெயிலா?"

"இல்லடி. அம்மா பாஸு."

பெண் நம்பவில்லை. செங்கமலம் எழுந்திருக்கக் கையை ஊன்றினாள். பக்கத்தில் ஒரு முழங்கால் வந்து மண்ணில் பதிந்தது. கல்மாவு ஏறிய காக்கி பேண்ட். மருதை அவளைப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, குழல் ஒன்றை எடுத்து, விரலை வைத்து, பாறையைத் துளைக்கப் போகிறவன் மாதிரி ஒரு மூச்சு இழுத்து ஊதினான். எட்டு வரைதான் முடிந்தது. அதுவே போதுமாக இருந்தது.

சிவப்பு.

அவனுக்குப் பின்னால் இன்னொருவர் நின்றார். துரைக்கண்ணு. அஞ்சலை அவரைப் பார்த்ததும் பையன்களின் கையை விட்டுவிட்டாள்.

"நீங்க எங்கய்யா வந்தீங்க?"

"சும்மாத்தான்," என்றார் அவர். "ஒண்ணாங்கிளாஸ்ல எடமிருக்கான்னு கேட்டுட்டுப் போலாம்னு."

சிரித்தார், இருமினார். பிறகு மண்டியிட முயன்று, முடியாமல் தடுமாறினார். வலது கையை விலாவோடு இறுக்கி ஒட்டிவைத்திருந்தார். நாலு மாதப் பழக்கம். அக்குளில் ஒன்றும் இல்லை.

"கைய எடுங்கண்ணே," என்றாள் செங்கமலம்.

அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். ஏதோ வேறு யாருடையதோ போலப் பார்த்துவிட்டு, அதை மெதுவாக விலாவிலிருந்து பிரித்து, மருதையின் தோளில் ஊன்றி, கீழே இறங்கினார்.

மூன்று சிவப்பு. சீல் வைக்கிற கணக்குக்குப் பாதிகூட இல்லை. மற்ற ஒன்பது பேரும் அந்நேரம் பச்சை வாங்கிக்கொண்டு உள்ளே போயிருந்தார்கள். வேனுக்காக மூவரும் புளியமரத்தடியில் ஒதுங்கி உட்கார்ந்தபோது, நரிப்பாறையில் கிரஷர் ஓடத் தொடங்குகிற சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. மரத்து இலைகளில் வழக்கம்போல வெள்ளையாகத் தூசி இறங்கியது.